பயோனில் ஒரு சாமந்தித் தொட்டி

இன்னைக்குக் கேட்டுடணும். ஒன்பது நாளா இதையே சொல்லிக்கிட்டு எழுந்திரிக்கிறேன், ஒன்பது நாளும் கேக்காமலேயே படுத்துக்கிறேன். வெக்கமா இல்லையாடி ரஞ்சிதம் உனக்கு, அம்பத்தெட்டு வயசாகுது, மின்துறை ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் உக்காந்து வர்றவன் போறவனையெல்லாம் நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ, கூடப் பொறந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்க நாக்கு எழும்பல. நாளன்னைக்கு விமானம். கைப்பைக்குள்ள ரெண்டு டிக்கெட் இருக்கு, ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அக்காவுக்கு. அவளை ஒரு பேச்சு கேக்காம, விசாவுக்காக அவ அனுப்பின பாஸ்போர்ட் நகலை வச்சு நானாப் போட்டது. டிராவல்ஸ்காரர் கண்ணாடியை ஏத்திவிட்டுக் கேட்டார், இந்த ரெண்டாவது பேருக்குப் போற டிக்கெட் வேணாமா, வர்றது மட்டும் போதுமான்னு. போறதெல்லாம் அவ எண்பத்தி மூணுலயே போயிட்டா சார், வர்றதுதான் பாக்கின்னு சொன்னேன். அப்ப என்னா தைரியம். புதுச்சேரியில உக்காந்துக்கிட்டு யாரு வேணா தைரியமாப் பேசலாம். இங்க வந்து அவ வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டினேன், அவ வெளிய வந்து என் மூஞ்சைப் பார்த்தா, வயசாயிடுச்சேடி உனக்குன்னு கன்னத்தைத் தொட்டா, அதோட சரி, தைரியம் போன எடம் தெரியல. டிக்கெட் மட்டும் கைப்பையில, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவுல கெடக்கு. போற எடமெல்லாம் அதையும் தூக்கிக்கிட்டுப் போறேன்.

இப்ப மணி பத்தேகால். அக்கா காலையில கிளம்பும்போது கையில ஒரு சீட்டு கொடுத்துட்டுப் போனா. வியாழக்கிழமை அவளுக்குப் பாட்டு ஒத்திகையாம். பாஸ்க் பாஷையில கூட்டமா நின்னு பாடுற குழு, முப்பது பேர் இருப்பாங்க, அத்தனை வெள்ளைக்காரங்களுக்கு நடுவுல மூணாவது வரிசையில முத்தியால்பேட்டை அமிர்தவல்லி. ஒத்திகையை விட முடியாதாம். தங்கச்சி நாப்பத்தோரு வருஷத்துக்கு அப்புறம் வந்திருக்கா, ஒத்திகையை விட முடியாதாம். கோவிச்சுக்கற நிலைமையிலயா இருக்கேன் நான். பன்னெண்டரைக்கு மார்க்கெட் பக்கத்துப் பாலத்துல நில்லு, அதுவரைக்கும் இதெல்லாம் பார்த்துட்டு வான்னு வரிசையா எழுதியிருக்கா. பெரிய கோயில், கோயிலுக்குப் பின்னாடி தாழ்வாரம், பழைய தெரு, மார்க்கெட், சாக்லேட் கடை. எல்லாம் தமிழ்ல. பழைய லை, பழைய ணை, மேல தும்பிக்கை வளைஞ்ச எழுத்து. அந்த எழுத்தை எழுதறவங்க ஊர்ல இப்ப யாருமே இல்ல. ஊரை விட்டுப் போனப்போ என்னத்தை எடுத்துக்கிட்டுப் போனாளோ அதை அப்படியே வச்சிருக்கா. நாங்கதான் எல்லாத்தையும் மாத்திட்டோம். இந்த ஊர் பேரு பயோன், பிரான்சுக்குத் தென்மேற்கு மூலை, கொஞ்ச தூரம் போனா ஸ்பெயின். பாஸ்க்குன்னு ஒரு ஜனம், அவங்க ஊரு. அந்துவான் மாமா பட்டாளத்துல கடைசியா வேலை பார்த்தது இங்கதான், ஓய்வு வாங்கி இங்கயே வீடு பிடிச்சு, நாலு வருஷத்துக்கு முன்னாடி இங்கயே போயும் சேர்ந்துட்டார். மாமான்னு நான் அவரைக் கூப்பிட்டதே இல்ல. மனசுக்குள்ள மட்டும் நாப்பது வருஷமா கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.

கோயில் பெருசுதான். ரெண்டு கோபுரமும் ஊசியா மேல போகுது, கழுத்து வலிக்குது பார்க்க. உள்ள கண்ணாடி ஜன்னல்ல நீலமும் சிவப்புமா வெளிச்சம், மெழுகு வாசனை, ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டி என்னமோ சொல்லிக்கிட்டிருந்தா, எழுநூறு எண்ணூறு வருஷம்னு காதுல விழுந்துது. நமக்குப் புரியற பிரெஞ்சு பாண்டிச்சேரி பிரெஞ்சு, கடைத்தெருவுக்குத்தான் ஆகும். சும்மா தலையாட்டிட்டுப் பின்பக்கம் வந்துட்டேன். இந்தத் தாழ்வாரம் நல்லா இருக்கு. நாலு பக்கமும் கல் வளைவு, நடுவுல வெறும் புல்லு, புல்லு மேல தூத்தல். ஒரு கல் மேடையில உக்காந்தேன், சில்லுனு ஏறுது. எங்கயோ ஓட்டு விளிம்புலேருந்து சொட்டு விழுந்துக்கிட்டே இருக்கு. தண்ணி சத்தம் கேட்டா எனக்கு ஆகாது, அந்த நாளுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடும். ஆனி மாசம். காலையில எழுந்தா பக்கத்துப் பாய் காலி. தலையணைக்கு அடியில ஒரு கடுதாசி, எதிர்வீட்டு சொல்தா குடும்பத்துப் பையன், அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து லீவுக்கு வந்திருந்த அந்துவான், அவரைக் கட்டிக்கிட்டுப் போறேன், தேடாதீங்கன்னு. அவங்க வேதக்காரங்க, நாங்க முதலியார். அப்பா மில்லுல தலைமைக் குமாஸ்தா, கணக்குல ஒரு புள்ளி தப்பினாலும் தூங்க மாட்டார். கடுதாசியைப் படிச்சார், மடிச்சார், சட்டையைக் கழட்டினார், நேரா கிணத்தடிக்குப் போனார். எனக்குப் பெரிய பொண்ணு இல்ல, செத்துட்டா, அவ்வளவுதான்னு சொல்லிட்டு வாளி தண்ணியைத் தலையில கவுத்துக்கிட்டார். அடுத்தது அம்மா. அழுதுக்கிட்டே ஊத்திக்கிட்டா. நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஓரமா நின்னேன். பதினேழு வயசு. ஓரமா நின்னேன், அவ்வளவுதான். இந்த ஊருக்கு நான் வந்த அன்னைக்கே அக்கா மாடி வீட்டு அம்மாகிட்ட என்னைக் காட்டி என்னமோ சொன்னா, அந்தம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. என்ன சொன்னேன்னு கேட்டேன். எல்லாரும் கைவிட்டப்போ என்னை விட்டுக்கொடுக்காதவ இவதான்னு சொன்னேன்னா. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கல. அவ்வளவு அருமையா மீன் குழம்பு வச்சிருந்தா.

சரி, போதும், எழுந்திரு. பழைய தெரு. தெருவா இது, எதிர் எதிர் ஜன்னல்ல நின்னா கை கொடுத்துக்கலாம். வீடெல்லாம் ஒல்லியா, ஒண்ணையொண்ணு முட்டுக் கொடுத்துக்கிட்டு நிக்குது, சுவத்துல குறுக்கும் நெடுக்குமா மரச்சட்டம், அந்தச் சட்டத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம்னு சாயம். ஒரு வீடு லேசாச் சாஞ்சே இருக்கு, நம்ம ஊரா இருந்தா முனிசிபாலிட்டியில நோட்டீஸ் ஒட்டியிருப்பான். கதவு நிலைக்கு மேல சில வீட்டுல பேரும் வருஷமும் செதுக்கியிருக்கு. முதல் நாள் அக்கா சொன்னா, இந்த ஜனத்துல வீட்டுக்குத்தான் பேரு, வீட்டோட பேர்தான் ஆளுக்கு, யாரு பொறந்தாலும் யாரு செத்தாலும் வீடு அவங்களைத் தன்னோட ஆளாத்தான் வச்சிருக்கும்னு. கல்லறை கூட வீட்டுக்கு ஒண்ணாம். அவ சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத்தான் சுருக்குன்னுது. எங்க வீட்டுக்குப் பேரே கிடையாது, நம்பர் இருபத்தேழு, அவ்வளவுதான். அந்த இருபத்தேழுல இப்ப நான் ஒருத்தி. அப்பா போனார், பத்து வருஷம் கழிச்சு அம்மா போனா. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுட்டு டிவியைப் போடுவேன், பார்க்கறதுக்கு இல்ல, வீட்டுல ஒரு குரல் கேக்கட்டும்னு. அக்கா ஓடிப்போன வீட்டுல பொண்ணெடுக்க யாரு வருவா? ரெண்டு இடம் வந்துது, விசாரிச்சாங்க, போயிட்டாங்க. அவ மேல கோபம் இருக்கா உனக்குன்னு யாராவது கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன். இருக்கு. இல்லாம எப்படி இருக்கும். ஓடிப்போறதுக்கு முந்தி ராத்திரி என் பக்கத்துலதான் படுத்திருந்தா, என் தலையைக் கோதிவிட்டா, ஒரு வார்த்தை சொல்லலையே. நான் என்ன ஊரைக் கூட்டியா சொல்லியிருப்பேன்? என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

மார்க்கெட் ஆத்தங்கரையிலயே இருக்கு, கண்ணாடிக் கூரை போட்டு. நீவ்னு ஒரு சின்ன ஆறு, அதோ அங்க பெரிய ஆத்தோட கலக்குது. உள்ள நுழைஞ்சா பன்னித் தொடை, தொடை, தொடை, உத்தரத்துலேருந்து வரிசையாத் தொங்குது. இந்த ஊர் ஜாம்போன் உலகப் பிரசித்தமாம், உப்புல போட்டு மாசக்கணக்காக் காத்துல காய வைப்பாங்களாம். கடைக்காரர் காகிதம் மாதிரி ஒரு சீவு சீவி கத்தி நுனியில நீட்டினார், வாயில போட்டேன். நம்ம கருவாட்டுக்கு அண்ணன் தம்பி. நல்லாத்தான் இருக்கு, ஆனா பக்கத்துல ஒரு தட்டு சோறு இல்லாம இதை எப்படித் தின்றாங்களோ. அடுத்த கடையில மிளகாய் மாலை, செக்கச்செவேல்னு காஞ்ச மிளகாயைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கான், எனக்கு ஒரு நிமிஷம் நம்ம பெரிய மார்க்கெட்டுக்குள்ள வந்துட்டாப்பல இருந்துது. இந்தப் பக்கத்துக் கிராமத்து மிளகாயாம், அதுக்குத் திருவிழா வேற எடுக்கறாங்களாம். தூளை ஒரு சிட்டிகை உள்ளங்கையில கொட்டி, பார்த்தும்மா பார்த்து, காரம்னு கையாலயே விசிறிக் காட்டினான். நக்கிப் பார்த்தேன். ஐயோ பாவம், நம்ம ஊர் குடமிளகாய்க்குக் கூட இதைவிட ரோஷம் இருக்கும். அவன் என் மூஞ்சையே பார்த்துக்கிட்டு நிக்கிறான், கண்ணுல தண்ணி வரும்னு. அவனை ஏமாத்த மனசு வராம உஸ்ஸுன்னு சொல்லிட்டு வந்தேன். அக்கா ரசத்துல இதைத்தான் போடறா. முதல் நாள் ஒரு வாய் குடிச்சுட்டு என்னக்கா காரமே இல்லைன்னேன், எனக்கு இதுவே பழகிடுச்சுடின்னா. பழகிடுச்சுங்கிற அந்த வார்த்தையைத் தாண்டி என்னால மேல கேள்வி கேக்க முடியல. காரம் பழகிடுச்சுன்னா குளிரும் பழகிடுச்சு, ஒத்திகை பழகிடுச்சு, அப்ப நான் எதைச் சொல்லிக் கூப்பிடறது?

வெளிய வந்தா கரை முழுக்கச் சாமந்தி. என் கண்ணையே நம்பல. மஞ்சள், வெள்ளை, ஊதா, அரக்கு, தொட்டி தொட்டியா வரிசை கட்டி வச்சிருக்காங்க, ஒவ்வொரு தொட்டியும் ஒரு சின்னப் பொங்கப்பானை அளவு பூத்துக் குலுங்குது. ஒன்பது நாளா தலையில ஒரு பூ இல்லாம மொட்டையா திரியறேன், இங்க பாரு, ஊரே சாமந்தியா இருக்கு. அக்காவுக்குச் சாமந்தின்னா உசுரு. ஆயுதபூஜைக்கு நடையா நடந்து அவதான் வாங்கிட்டு வருவா, சாமிக்குப் போக மிச்சத்தை ரெண்டாக் கிள்ளி எனக்குப் பாதி வைப்பா. அந்தத் தண்டோட பச்சை வாசனை அப்படியே மூக்குல ஏறுச்சு. இதோட போய் நின்னா கேக்க வாய் வந்துடும்னு தோணுச்சு. வெறுங்கையோட எப்படிக் கேக்கறது, அழைக்கப் போறவ பூவோட போகணும். நல்ல மஞ்சளா, மொட்டு நிறைய உள்ள தொட்டியாப் பார்த்து எடுத்தேன். பூக்காரம்மா ஜரிகைக் காகிதம் சுத்திக் கொடுத்துட்டு, என் மணிக்கட்டை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு மெதுவா என்னமோ சொன்னா. நான் மெர்சி மெர்சின்னேன். எவ்வளவு வாஞ்சையான ஜனம். இத்தனை நாளா இதை நான் கவனிக்கலையே. தொட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தா ஜனங்க ஒதுங்கி வழி விடறாங்க, ஒரு பெரியவர் தலையில இருந்த வட்டத் தொப்பியை எடுத்துட்டு நின்னார். நானும் தலையைக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டேன்.

சாக்லேட் கடைக்குப் போக நேரம் இருந்துது. வளைவு வளைவா மூடின நடைபாதை, வரிசையா சாக்லேட் கடை. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்பெயின் பக்கத்துலேருந்து துரத்திவிட்ட யூத ஜனங்க வந்து இங்க செய்யக் கத்துக் கொடுத்ததாம். துரத்திவிட்டவங்கதான் இங்க வந்து இனிப்பு கொடுத்திருக்காங்க, பாரேன். கடைப்பொண்ணு என் தொட்டியைப் பார்த்துட்டு ஜன்னலோர மேஜையைத் துடைச்சுக் கொடுத்தா, கேக்காமலே ஒரு துண்டு பாஸ்க் கேக்கும் கொண்டாந்து வச்சா, நடுவுல கறுப்புச் செர்ரிப் பழப்பாகு. சாக்லேட் கெட்டியா, கையால கடைஞ்சு மேல நுரை நிக்குது. ஒரு வாய் குடிச்சேன். நாக்கு முந்திக்கிச்சு. இந்த ருசி எனக்குத் தெரியும். ஒவ்வொரு மார்கழியும் ஒரு பார்சல் வரும், பச்சைத் தகர டப்பா, அனுப்பினவ பேரை அப்பா வாசலோட கிழிச்சுடுவார், திருப்பி அனுப்புன்னு கத்துவார். அம்மா சரின்னுட்டு அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பா. நான் மொட்டைமாடிக்கு எடுத்துக்கிட்டுப் போய், தண்ணித்தொட்டி நிழல்ல உக்காந்து, ஒரு நாளைக்கு ஒரு துண்டுன்னு தின்பேன். அப்பா செத்த வருஷமும் வந்துது. அம்மா செத்த வருஷமும் வந்துது. போன மார்கழி வரைக்கும் வந்துது. கரைஞ்சு தொண்டையில இறங்கும்போதெல்லாம் ஒண்ணு சொல்லிக்குவேன், நான் ஓரமாத்தானே நின்னேன். இல்ல. இங்க உக்காந்துக்கிட்டு இன்னும் என்னத்துக்குப் பொய். ஓரமா நின்னேன், அப்பா திரும்பிப் பார்த்தார், ஈரத் தலையோட. சொம்பை நீட்டினார். அம்மா வேணாம்னு கண்ணைக் காட்டினா. நான் வாங்கி ஊத்திக்கிட்டேன். பயந்துக்கிட்டுத்தான் ஊத்திக்கிட்டேன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன், அதுவும் பாதிதான் நிஜம். சொல்லாமப் போனாளேங்கிற கோபத்துல ஊத்திக்கிட்டேன். போ, செத்துப் போன்னு நினைச்சுத்தான் ஊத்திக்கிட்டேன். விட்டுக்கொடுக்காதவளாம். அவ அனுப்பின சாக்லேட்டு அத்தனையும் அவளைக் கொன்ன கையாலதான் தின்னேன். இதைச் சொல்லாம டிக்கெட்டை எப்படி நீட்டறது? இதைச் சொன்னா டிக்கெட்டை எப்படி வாங்குவா? கேக்கைப் பாதியில வச்சுட்டுத் தொட்டியைத் தூக்கிக்கிட்டு எழுந்தேன்.

பன்னெண்டரைக்குப் பாலத்துல நின்னேன். அக்கா அந்தப் பக்கத்துலேருந்து வந்தா, கூட நாலு பொம்பளைங்க, அதுல ஒருத்தி இவ தோள்ல கை போட்டுக்கிட்டு இன்னும் பாடிக்கிட்டே வர்றா. அக்கா சிரிக்கிறா. வீட்டுல இருந்தப்போ அவ இப்படி வாய் விட்டுச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினவ தொட்டியைப் பார்த்தா, கை அப்படியே நின்னுடுச்சு. கூட வந்தவங்களும் நின்னுட்டாங்க. ஒருத்தி நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குத்தான்க்கான்னு தொட்டியை நீட்டினேன். அக்கா முகம் ஒரு மாதிரி போச்சு, அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா, பாலத்துக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. இந்த ஊர்ல சாமந்தியை யாருக்கும் கொடுக்க மாட்டாங்களாம், வீட்டுக்குள்ளயும் வைக்க மாட்டாங்களாம். அது செத்தவங்க பூவாம். அடுத்த வாரம் எல்லாப் புனிதர்கள் திருநாள், ஊரே இந்தத் தொட்டியைத் தூக்கிக்கிட்டுக் கல்லறைக்குப் போகுமாம், அதுக்குத்தான் கரை முழுக்க வச்சிருக்காங்களாம். காலையிலேருந்து நான் வாங்கின மரியாதை எல்லாம் துக்க வீட்டுக்காரிக்குக் கொடுத்த மரியாதை. தொப்பியை எடுத்த பெரியவருக்குக் கும்பிடு வேற போட்டேனே.

"ஒரு தடவை தலைமுழுகினது போதாதாடி உங்களுக்கு?" அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேட்டா. விளையாட்டாத்தான் கேட்டா. உங்களுக்குன்னாளே, உனக்குன்னு சொல்லலையேன்னு மனசு அதையே பிடிச்சுக்கிட்டு சுத்துது. அவ அதுக்குள்ள கூட வந்தவங்களுக்கு விளக்கிச் சொல்லி அவங்களும் என்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்துட்டுப் போயாச்சு. வாங்கினது வாங்கிட்டே, இதை உன் மாமாகிட்டயே கொடுத்துடலாம் வா, சாப்பாடு கொஞ்சம் பொறுக்கும்னா. பஸ் பெரிய ஆத்தைத் தாண்டி மேடு ஏறுச்சு. தொட்டி என் மடியில, அவ கை தொட்டி விளிம்புல. வழி பூரா அது இதுன்னு காட்டிக்கிட்டே வந்தா, அந்தச் சுவத்துல பந்தடிப்பாங்க, வெறுங்கையாலயே அடிப்பாங்க, அந்துவானுக்கு அது பைத்தியம், ஞாயித்துக்கிழமை ஆனா கையை வீங்க வச்சுக்கிட்டு வருவாருன்னு. நான் உம் கொட்டினேன். சொல்லு ரஞ்சிதம், இப்பச் சொல்லு, பஸ்ஸுலயே சொல்லிடு. சொல்லல.

கல்லறை சரிவா இருக்கு, கீழ ஆறு தெரியுது. திருநாளுக்கு முன்னாடிங்கிறதால ஜனங்க வாளி, பிரஷ்ஷு, துணின்னு வந்து அவங்கவங்க கல்லைக் கழுவிக்கிட்டிருக்காங்க. சில கல்லு வட்டத் தலையோட நிக்குது, அதுல நாலு கால்புள்ளி சேர்ந்து சுத்தற மாதிரி ஒரு சிலுவை, பார்த்தா நம்ம வீட்டுக் கோலத்துல பாதி. மாமா கல்லு சாதாரணக் கருப்புக் கல்லு. பிரெஞ்சுல பேரு, பட்டாளத்து அடையாளம், பொறந்த வருஷம், போன வருஷம். அதுக்குக் கீழ இன்னொரு வரி. அமிர்தவல்லின்னு. பொறந்த வருஷம் போட்டு, ஒரு கோடு போட்டு, மிச்சத்தைக் காலியா விட்டிருக்காங்க. உயிரோட இருக்கறவ பேரை யாராவது கல்லுல வெட்டுவாங்களா, இது என்ன ஊரு, இது என்ன பழக்கம்னு கத்தினேன். இங்க எல்லாரும் அப்படித்தான்டி செய்வாங்க, கல்லு வெட்டறவனை ரெண்டு தடவை கூப்பிட வேணாம் பாருன்னா. நான் கைப்பையைத் திறந்தேன், டிக்கெட்டை எடுத்தேன், அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். கெஞ்சிக் கேக்கணும்னு நினைச்சு வச்சிருந்ததெல்லாம் சண்டையா வந்துது.

"நாளன்னைக்கு என்னோட வந்துடு. உன் வீட்டுக்கு வா. எனக்கு யாரும் இல்லக்கா."

காகிதத்தைக் கையை நீட்டித் தூரமாப் பிடிச்சுப் படிச்சா. ரெண்டா மடிச்சு என் கையிலயே வச்சா. "வர மாட்டேன் ரஞ்சி. அந்த வீட்டுல நான் செத்தவ. இங்க ஒரு வியாழக்கிழமை நான் போகலேன்னா நாலு பேர் போன் பண்ணி என்னாச்சுன்னு கேக்கறாங்க." அதுல கோபம் இல்ல, குத்தல் இல்ல, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. இந்தியா வந்து போக அட்டையெல்லாம் வாங்கி வச்சிருக்கியே, அலமாரியில பார்த்தேனேன்னு கேட்டேன். அது அவர் ஆசைப்பட்டு வாங்கினது, ரெண்டு பேரும் தெருமுனை வரைக்கும் போய் வீட்டை வெளியில இருந்து பார்த்துட்டு வந்துடலாம்னார், நான்தான் வேணாம்னுட்டேன்னா. சொல்லிட்டுக் குனிஞ்சு, பையிலேருந்து துணியை எடுத்து, கல்லைத் துடைக்க ஆரம்பிச்சா. முதல்ல அவர் பேரை. அப்புறம் அவ பேரை.

இதுக்கு மேல ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது. வர மாட்டேன்னுட்டா, முடிஞ்சுது. நாளன்னைக்கு நான் போயிடுவேன், பக்கத்து சீட்டு காலியா வரும், இன்னொரு தடவை விசா எடுத்து வர எனக்கும் வயசில்ல. சொல்லாமப் போறவங்களைப் பத்தி எனக்குத் தெரியாததா, அந்த வேலையை நான் பண்ண மாட்டேன். அவ முதுகைப் பார்த்துக்கிட்டே சொன்னேன், மூஞ்சைப் பார்த்திருந்தா வந்திருக்காது.

"அன்னைக்கு நானும் ஊத்திக்கிட்டேன்க்கா. அப்பா கொடுத்தார், வாங்கித் தலையில ஊத்திக்கிட்டேன்."

துணி நிக்கல. கோடு போட்ட எடத்துல ஒரு பறவை எச்சம், அதை நகத்தால சுரண்டிக்கிட்டே தெரியும்னா. எப்பத்துலேருந்துன்னு கேட்டேன். அந்த மாசமே தெரியும், அம்மா ஒளிஞ்சு ஒரு கடுதாசி போட்டிருந்தா, அதுல எல்லாம் எழுதியிருந்தான்னா. அந்த மாசமே. அப்படின்னா முதல் டப்பா அனுப்பும்போதே தெரியும். நாப்பது டப்பாவும் தெரிஞ்சேதான் கட்டியிருக்கா, தெரிஞ்சேதான் அந்தப் பழைய கையெழுத்துல என் பேரை எழுதியிருக்கா. மாடி வீட்டு அம்மாகிட்ட விட்டுக்கொடுக்காதவன்னு சொன்னப்பவும் தெரியும். இவ்வளவு தெரிஞ்சும் எப்படிக்கான்னு கேக்க வாயைத் திறந்தேன், அவ திரும்பி என்னைப் பார்த்தா, சின்ன வயசுல நான் ஈரத்தலையோட வந்தா முறைப்பாளே, அதே முறைப்பு.

"மூணு நாள் ஜுரத்துல கிடந்தியாமே. உனக்குத்தான் பச்சைத்தண்ணி ஆகாதே. எனக்குத் தலைமுழுகறதுன்னாலும் கொஞ்சம் வெந்நி வச்சு முழுகியிருக்கக் கூடாதாடி?"

நான் அந்தக் கல்லு மேலயே உக்காந்து, சுத்தி வாளியும் துணியுமா நின்ன அத்தனை பேரும் பார்க்க, ஓன்னு அழுதேன்.